விறைப்பான பாயிண்ட் காலணி கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

பாலே நடனத்தில் பாயிண்டில், அதாவது விறைப்பான காலணி அணிந்து விரல் நுனியில் நின்று, ஓரிரு ஆண்டுகள் ஆடிப் பழகிய மாணவியரும் அவர்களுடைய பெற்றோரும், காலணி விரைவில் தளர்ந்துவிடுகிறது என்றும், இன்னும் விறைப்பான ஷாங்க் (பாதத்தைத் தாங்கும் உள் அடித்தகடு) வைத்தது வேண்டும் என்றும் எங்களிடம் அடிக்கடி கேட்கின்றனர். கேட்டதை உடனே எடுத்துத் தராமல், வெறுங்காலுடன் ஒற்றைக் காலில் நிற்குமாறு நாங்கள் சொல்வது சிலருக்கு வியப்பாகவும் சிலருக்கு எரிச்சலாகவும் இருப்பதால், அதன் காரணத்தை இங்கே விளக்குகிறோம்.

அப்போது நாங்கள் முதலில் பார்ப்பது பாதத்தை அன்று, இடுப்பை. ஒரு கால் பாஸேவுக்கு, அதாவது மடிந்து அதன் விரல் நுனி மற்ற முழங்காலைத் தொடும் நிலைக்கு, உயரும்போது இடுப்பெலும்பை மட்டமாகப் பிடித்திருக்க வேண்டியது, நிற்கும் காலின் இடுப்புப் பக்கத்திலுள்ள தசை. அது சோர்ந்தால் முழங்கால் உள்நோக்கிச் சாய்கிறது. உடல் எடையும் காலணி நுனியின் நடுவில் இறங்காமல் பெரும்பாலும் பெருவிரல் ஓரத்துக்கு நகர்கிறது. துணியையும் தாளையும் பசையால் அடுக்கிச் செய்யப்படும் பாக்ஸ், அதாவது விரல்களைச் சூழ்ந்த கெட்டியான முன்பகுதி, எடை விழும் அந்த ஓரத்திலேயே முதலில் மெத்தென்று ஆகிவிடுகிறது. ஷாங்கை எவ்வளவு கெட்டியாக்கினாலும் இது மாறாது.

கால்களை வெளிப்புறமாகத் திருப்பி நிற்கும் டர்ன் அவுட்டும் இதே கதைதான். தொடையெலும்பு இடுப்புக் குழிக்குள் வெளிப்புறமாகச் சுழல வேண்டும். அதற்கென்றே ஆழத்தில் ஆறு சிறு தசைகள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தாமல், ஐந்தாம் நிலையில் (ஒரு பாதத்தின் முன் மற்றதை எதிர்த்திசையில் ஒட்டி வைக்கும் நிலை) பாதங்களைத் தரையில் அழுத்தி முறுக்கி நிற்பவர்களுக்கு உண்மையில் உதவுவது தரையின் உராய்வு மட்டுமே. ரெலவேயில் குதிகால் எழுந்தவுடன் அந்த உதவி போய்விடுவதால் கால் உள்ளே திரும்பிவிடுகிறது. முழங்காலுக்கும் அந்த முறுக்கு நல்லதன்று.

"வயிற்றை உள்ளே இழு" என்பதைப் பலர் மூச்சை அடக்குவது என்றே எடுத்துக்கொள்கின்றனர். விலா விரிந்து முதுகு வளைய, ஒற்றைக் காலில் சுழலும் பிருவெட் பின்னோக்கிச் சாய்கிறது. அடிவயிற்றைக் கச்சைபோலச் சுற்றியுள்ள தசை வேலை செய்கிறதா என்று அறிய, பாஸேவில் நின்றபடி ஒன்று முதல் பத்து வரை உரக்க எண்ணிப் பாருங்கள். குரல் அடைத்தால் மூச்சுதான் உடலைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

பாயிண்டுக்குத் தகுதி பார்க்கும் பயிற்சி ஒன்றையும் பரிந்துரைக்கிறோம். உடலை முன்னே சாய்த்து ஒரு காலைப் பின்னே நீட்டி, நிற்கும் முழங்காலை 5 முறை மடக்கிக் கைகளால் தரையைத் தொட வேண்டும். குறைந்தது 4 முறையாவது இடுப்பு திரும்பாமலும் முழங்கால் உள்ளே சரியாமலும் இருக்க வேண்டும். கண்ணாடி முன் செய்தால் ஏமாற்றிக்கொள்ள முடியாது. ரெலவேயிலிருந்து இறங்குவதையும் ஏறுவதைவிட மெதுவாகச் செய்யுங்கள்.

1832இல் பாரிஸில் 'லா சில்ஃபீட்' என்ற பாலேவை ஆடிய மேரி தாலியோனியின் காலணியில் இன்றைய பாக்ஸ் கிடையாது. ஓரங்களில் நூலோட்டிய மென்மையான சாட்டின் செருப்பு அது. இன்றைய ஆட்டம் அதைவிடப் பன்மடங்கு கேட்பதால் யாரும் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை.

அகலம் பொருந்தாமல் முதல் நாளே பாதம் பாக்ஸுக்குள் அமிழ்ந்தால் குறை காலணியுடையதே. அதை மாற்றியே ஆக வேண்டும். வலி நீடித்தால் எங்களிடம் வருமுன் மருத்துவரைப் பாருங்கள். அடுத்த முறை வரும்போது பழைய காலணி இரண்டையும், எவ்வளவு நைந்திருந்தாலும், கையோடு கொண்டுவாருங்கள். புதியதற்கு ரிப்பன் தைப்பதை ஆசிரியர் பார்க்கும்வரை தள்ளிவையுங்கள்.

இங்ஙனம்,
காலணி பொருத்தும் பிரிவினர்