சீமைக் கருவேல மாவும் சவேரியாரும்

டூசான், அரிசோனா
ஜூலை மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். நீங்களும் அம்மாவும் அப்பத்தாவும் நலம்தானே? போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "சாப்பிட்டியா, மழை உண்டா" என்று கேட்டதோடு அம்மா கையில் கொடுத்துவிடுகிறீர்கள். "அந்தப் பாலைவனத்தில் பார்க்க என்னதான் இருக்கிறது?" என்று அன்றைக்குக் கேட்டீர்களே, அதற்குப் பதில் சொல்ல போன் போதாது.

முதலில் ஒன்று. இது மணல் மேடும் ஒட்டகமும் உள்ள பாலைவனம் கிடையாது. செடியும் முள்ளும் நிறைந்த சொனோரா பாலைவனம்; பாதி அமெரிக்காவில், பாதி மெக்சிகோவில். வருடத்துக்கு 280 மில்லிமீட்டர் சுமாருக்கு மழை. நம் ராமநாதபுரத்தில் 800-க்கு மேல் பெய்தும் நாம் வறட்சி என்கிறோம். ஜூனில் வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஜூலையில் தெற்கிலிருந்து மழை வரும். அதை இவர்களும் மான்சூன் என்றே சொல்கிறார்கள். முதல் மழை விழும்போது கிரியோசோட் என்ற புதரிலிருந்து கிளம்பும் வாசனைக்காகவே ஊர் மொத்தமும் வாசலில் வந்து நிற்கும்.

என் விசாவில் வேலைக்குப் போக முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை ஆய்வகத்துக்கும் பாப்பா பள்ளிக்கும் போன பிறகு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகவில்லை. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர், "வா, ஊரைப் படிக்கலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார். இங்கே அது ஒரு வழக்கமாகவே இருக்கிறது. பழங்குடிப் பண்ணைகள், தோட்டங்கள், அருங்காட்சியகங்கள், ஊர்ச் சங்கங்கள் எல்லாம் ஒருநாள் பயணமோ அரைநாள் வகுப்போ நடத்துகின்றன. வருபவர்களில் பாதிப்பேர் தலை நரைத்தவர்கள். கையில் நோட்டு, தலையில் தொப்பி, கேள்வி கேட்டால் விடமாட்டார்கள். நீங்கள் இங்கே இருந்தால் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள்.

சரி, உங்களுக்குப் பிடிக்காத மரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். இங்கே ஓடைக்கரை முழுக்க மெஸ்கீட் என்றொரு மரம். முதன்முதலாகப் பார்த்தபோதே முள்ளும் இலையும் காயும் எனக்குத் தெரிந்தவையாக இருந்தன. விசாரித்தால், நம் சீமைக் கருவேலின் நேர் உறவு. நம்மூர் இனத்தின் பூர்வீகம் மெக்சிகோ முதல் தென் அமெரிக்காவின் வடக்கு வரை; 1870-களில் வெள்ளைக்காரர்கள் விதை கொண்டுவந்து போட்டார்கள். 2017-இல் கோர்ட்டு பிடுங்கச் சொன்ன வருஷம், நீங்கள் புஞ்சையில் ஜேசிபி விட்டுத் தூரோடு தோண்டி எடுத்தீர்களே, அதன் பங்காளி இங்கே மரியாதையாக நிற்கிறது! இங்குள்ள மக்கள் அதைச் சாப்பிடுகிறார்கள், அப்பா.

ஜூன் கடைசியில் நெத்து பறிக்கும் வகுப்புக்குப் போனேன். மழை விழுவதற்கு முன்பே பறித்துவிட வேண்டும்; ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்துவிடும், அதில் விஷம் உண்டு. தரையில் கிடப்பதை எடுக்கக் கூடாது, மரத்திலிருந்துதான் பறிக்க வேண்டும். அதுவும் எல்லா மரமும் ஆகாது. ஒரு நெத்தை ஒடித்து வாயில் போட்டு மெல்ல வேண்டும். இனித்தால் அந்த மரம். கசந்தாலோ தொண்டையில் காறினாலோ அடுத்த மரம். ஒரே ஓடைக்கரையில் பக்கத்துப் பக்கத்து மரங்களுக்கே ருசி மாறுகிறது. சொல்லிக்கொடுத்த அம்மாள் தூரத்திலிருந்தே "அது வேண்டாம், இது" என்று கைகாட்டினார். வெயிலில் சலசலவென்று காயவைத்து, ஊர்ப் பொதுவில் கொண்டுவந்து வைக்கும் சுத்தியல் மெஷினில் கொடுத்தால் கொட்டையும் தோலுமாக அரைத்து, சலித்த மாவாகத் தருகிறார்கள். வெல்லப் பாகு போல ஒரு மணம். நான் கோதுமையோடு நாலில் ஒரு பங்கு கலந்து தோசை வார்த்தேன். மாப்பிள்ளை மூன்றாவது தோசைக்குப் பிறகுதான் என்ன மாவு என்று கேட்டார். சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் இதே விறகைக் கரியாக்கி அதில்தான் மாட்டிறைச்சி சுடுகிறார்கள். சாயல்குடிப் பக்கம் கரிமூட்டம் போடுபவர்கள் இங்கே வந்தால் வேலைக்குப் பஞ்சமிருக்காது. இதற்காக நம் புஞ்சையில் மறுபடி வளரவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். இங்கே அதைக் கட்டுக்குள் வைக்கிற பூச்சியும் வறட்சியும் தின்கிற ஆளும் கூடவே பிறந்தவை. நம்மூருக்கு விதை மட்டும் தனியாக வந்து சேர்ந்தது.

அடுத்தது சவாரோ. படங்களில் பார்த்திருப்பீர்கள், கை தூக்கி நிற்கும் உயரமான கள்ளி. முதல் கை முளைக்கவே 50 முதல் 75 வருஷம் ஆகும். 150 வருஷம் தாண்டியும் நிற்கும். இதன் பழம் பழுப்பதுதான் தோஹோனோ ஓதம் மக்களுக்கு வருடப்பிறப்பு. எல்லைக்கோடு போடுவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இங்கே இருக்கும் பழங்குடியினர் அவர்கள். தேசியப் பூங்காவுக்குள்ளேயே பழம் பறிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

காய்ந்துபோன சவாரோவின் உள்ளே இருக்கும் நீளமான விலா எலும்பு போன்ற கழிகள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டி, நுனியில் குறுக்குக் குச்சி வைத்து, அதால் பழத்தைத் தட்டுகிறார்கள். விழுந்த பழத்தின் மேலேயே காய்ந்த பூ ஒட்டியிருக்கும். அதன் விளிம்பு கத்தி மாதிரி கூர்மை. அதைக் கொண்டே தோலைக் கீறி, சிவந்த சதையை விரலால் வழித்தெடுக்கிறார்கள். பழத்தோலைத் தூக்கி எறிவதில்லை. சிவந்த உட்புறம் வானத்தைப் பார்க்கும்படி தரையில் வைக்கிறார்கள், மழையைக் கூப்பிட. சாற்றைக் காய்ச்சிப் பாகாக்குவார்கள். அதைப் புளிக்கவைத்து மழைச் சடங்கு உண்டு. அந்தச் சடங்கு வெளியாருக்கு இல்லை, யாரும் போய் எட்டிப்பார்ப்பதும் இல்லை. எதைக் காட்டுவது, எங்கே நிறுத்துவது என்று அவர்களே தீர்மானிக்கும் பயணங்கள்தான் எனக்குப் பிடித்திருக்கின்றன. கழியை என் கையில் கொடுத்த பாட்டி, போட்டோ எடுக்கப்போன ஒருவரைப் பார்த்து "முதலில் பறி" என்றார். அவ்வளவுதான், எல்லாப் போனும் பைக்குள் போய்விட்டன.

டெப்பரி என்று ஒரு பயறு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மழை வெள்ளம் ஓடிவந்து பரவும் ஓடை வாயில் விதைத்துவிட்டு, அந்த ஒன்றிரண்டு நனைப்பிலேயே அறுவடை செய்துவிடுவார்கள். இந்தச் சாப்பாட்டை விட்டு மைதாவுக்கும் சீனிக்கும் மாறிய இரண்டு தலைமுறையில் இவர்களிடையே சர்க்கரை வியாதி பயங்கரமாகப் பரவிவிட்டது. இப்போது சான் ஹவியர் கூட்டுறவுப் பண்ணை மாதிரி இடங்களில் பழைய பயறையே திரும்ப விதைக்கிறார்கள். உங்கள் மாத்திரை டப்பாவையும் அப்பத்தாவின் குதிரைவாலிக் கஞ்சியையும் நினைத்துக்கொண்டேன். பேச்சைக் கேட்கிற ஆளா நீங்கள்!

சான் ஹவியர் என்றேனே, அது யார் தெரியுமா? நம் கோட்டாறு சவேரியார்! 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, மணப்பாடு, தூத்துக்குடி என்று கடற்கரையெல்லாம் நடந்தவர் பெயரில் இந்தப் பாலைவனத்தில் ஒரு வெள்ளைக் கோயில். கினோ என்ற யேசு சபைப் பாதிரியார் 1692-இல் இந்த ஊருக்கு வந்து தன் பாதுகாவலரின் பெயரை வைத்தார். இப்போது நிற்கும் கட்டடம் 1783 முதல் 1797 வரை கட்டியது. இரண்டு கோபுரத்தில் ஒன்றுக்குக் குவிமாடம் இல்லை, முடிக்காமலேயே விட்டுவிட்டார்கள். உள்ளே படுத்த நிலையில் சவேரியார் சிலை. மக்கள் வரிசையில் வந்து அதன் தலையை மெதுவாகத் தூக்கி முத்தமிடுகிறார்கள். மேலே போர்த்திய துணியில் கை, கால், கண் என்று சின்னச் சின்ன உலோக உருவங்களைக் குத்தியிருக்கிறார்கள். நம் கோயில்களில் கண்மலர் சாத்துவதேதான். நானும் கொஞ்ச நேரம் கும்பிட்டுவிட்டு வந்தேன், அம்மாவிடம் சொல்லுங்கள். வெளியே ஓதம் பெண்கள் பந்தல் போட்டு எண்ணெயில் பொரித்த ரொட்டி விற்கிறார்கள். அதற்கும் ஒரு வரிசை.

எல்லைக்கு அந்தப் பக்கம் மக்தலேனாவிலும் இதே மாதிரி படுத்த சவேரியார் இருக்கிறார். கினோ 1711-இல் இறந்தது அங்கேதான். அவர் எலும்புகளை 1966-இல்தான் கண்டெடுத்தார்கள். அக்டோபர் 4-ஆம் தேதி அங்கே பெரிய திருவிழா, ஜனங்கள் கால்நடையாகவே போவார்கள். வேடிக்கை என்னவென்றால் சிலை சவேரியாருடையது, தேதி அசிசி பிரான்சிசுடையது. யாரும் அலட்டிக்கொள்வதில்லை.

இந்த யாத்திரைக்கு நடுவில்தான் எல்லைச் சுவர் நிற்கிறது. 1853-இல் அமெரிக்கா மெக்சிகோவிடம் நிலம் வாங்க ஒப்பந்தம் போட்டது, அடுத்த வருஷம் 1 கோடி டாலருக்கு முடிவானது, கோடு தெற்கே நகர்ந்தது. ஓதம் மக்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் நிலத்தில் 100 கிலோமீட்டர் நீளத்துக்கு எல்லை ஓடுகிறது. அந்தப் பக்கமும் சொந்தக்காரர்கள்தான்.

டூசானிலிருந்து எல்லை ஊரான நோகாலஸ் நூறு கிலோமீட்டர் சொச்சம். மைலிலேயே கணக்குப் பார்க்கும் இந்த நாட்டில் அந்தச் சாலையில் மட்டும் கிலோமீட்டரில் பலகை வைத்திருக்கிறார்கள்; எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. நோகாலஸ் என்ற பெயரில் இரண்டு ஊர், நடுவில் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கும் இரும்புக் கம்பங்கள். இடைவெளியில் அந்தப் பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்வது தெரியும். இந்தப் பக்கம் சுருள் முள்கம்பி வேறு. அதை எடுக்கச் சொல்லி 2019-இல் நோகாலஸ் நகர மன்றமே தீர்மானம் போட்டது. ஆனால் சான்டா குரூஸ் ஆறு அமெரிக்காவில் பிறந்து, மெக்சிகோவுக்குள் போய், வளைந்து மறுபடி இங்கேயே வந்துவிடுகிறது. அந்தப் பக்கத்து ஊர்ச் சாக்கடையில் ஒரு பகுதியும் இந்தப் பக்கத்துச் சாக்கடையும் ஒரே சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் வருகின்றன. குளிர்காலத்தில் நாங்கள் வாங்கும் தக்காளியும் வெள்ளரிக்காயும் இந்த வாசல் வழியாக லாரி லாரியாக வருகின்றன. இங்குள்ள கிழவர்கள் அந்தப் பக்கம் நடந்துபோய்ப் பல் கட்டிக்கொண்டு வருகிறார்கள். காசு கம்மி.

ஒரு தடவை வேறொரு பஸ்ஸில் போனோம், பெயர் வேண்டாம். சுவர் முன்னால் இறக்கிவிட்டு, பத்து நிமிஷம் போட்டோ எடுக்கச் சொல்லி, பக்கத்துக் கடையில் சாமான் வாங்கவைத்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர்கூட எங்களிடம் பேசவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். இனி அப்படிப் போவதில்லை என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். திரும்பும் வழியில் சோதனைச் சாவடி. பஸ்ஸில் எல்லோரையும் விட்டு எங்கள் இருவரிடம் மட்டும் பாஸ்போர்ட் கேட்டார்கள். கொடுத்தோம். அன்றைக்கு முழுக்க மனசு சரியில்லை.

அப்புறம், நீங்கள் வருவதைப் பற்றி. பிப்ரவரி, மார்ச் தோது. ஸ்வெட்டர் ஒன்று போதும், பாலைவனம் பூத்துக் கிடக்கும். மே, ஜூன் வேண்டவே வேண்டாம். அமெரிக்க விசா கையில் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம், அதனால் மக்தலேனாவுக்கும் உங்களைக் கூட்டிக்கொண்டு போகலாம். அம்மாவுக்குக் கெட்டியான செருப்பு வாங்கிவிடுங்கள், இங்கே முள் ரப்பரைத் துளைக்கும். டெப்பரி விதை கேட்பீர்கள். பர்மிட்டும் சான்றிதழும் இல்லாமல் நம் கஸ்டம்ஸில் விடமாட்டார்கள். ஆசைக்குச் சமைத்துப் போடுகிறேன், வந்து சாப்பிடுங்கள். அம்மா பார்சலில் புளி அனுப்ப வேண்டாம். மெக்சிகோக்காரர் கடையில் ஓட்டோடு கிடைக்கிறது, கொட்டை எடுக்கும் வேலைதான் மிச்சம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்