முதலாமாண்டைத் தாண்ட வைத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

2024-25 கல்வியாண்டில் எங்கள் அரசுப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தவர்களில் பலர், அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் வந்தவர்கள். நன்றாகப் படி, தைரியமாக இரு என்று சொல்ல அவர்களுக்கு ஆள் நிறைய உண்டு. எந்தத் தாளை எந்த ஜன்னலில் எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. அதைச் சொன்னவர்களுக்கு, முதலாமாண்டு மாணவர்களுக்கு வழிகாட்டும் உதவி மேசையிலிருந்து நாங்கள் எழுதும் மடல் இது. செய்த உதவியை விவரமாகவே எழுதுகிறோம், அடுத்த ஆண்டு உதவி மேசையில் உட்காருபவர்களுக்கும் ஆகும்.

முதல் நன்றி, அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவைப் பார்க்கும் அக்காவுக்கு. மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்காக 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் வர வேண்டும். அது வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் விண்ணப்பம் காரணமில்லை, வங்கிக் கணக்குதான். கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது வேறு. அரசுப் பணம் நேரடியாக (டிபிடி) வந்து சேரும் கணக்காக அதை இணைப்பது (சீடிங்) வேறு. பாஸ்புக் திறக்கும்போது முதல் வேலை முடிந்துவிடும், இரண்டாவது பலருக்கு நடந்திருக்காது. இரண்டு கணக்கு இருந்தால் கடைசியாக இணைத்த கணக்குக்கே பணம் போகும். பள்ளியில் தொடங்கி அப்படியே முடங்கிப்போன கணக்கு இணைப்பில் இருந்தால் பணம் வந்த வழியே திரும்பும். அதனால் வங்கியில் கேட்க வேண்டிய கேள்வியையே அக்கா துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்: “டிபிடிக்கு ஆதார் சீடிங் ஆகியிருக்கிறதா, எந்த வங்கியில்?” பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவான எமிஸில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால் என்று இருந்தவர்களைத் தனியாகப் பிரித்து, பெயரைச் சரிசெய்த பிறகே விண்ணப்பத்தை ஏற்றியதும் அவர்தான்.

கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும் இதில் பங்கு உண்டு. அசல் மாற்றுச் சான்றிதழை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டால் பிறகு நகல் எடுக்க அலைய வேண்டும். “கொடுக்கறதுக்கு முன்னாடி பத்து காப்பி எடுத்துக்கப்பா” என்று அவர் சொல்லாத ஆளில்லை. வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதையும் அவரே நினைவூட்டினார்.

அடுத்து, பருவம் நடக்கும்போதே கல்லூரியில் போடும் மதிப்பெண்ணான உள்மதிப்பீட்டின் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டிய கணிதத் துறை ஆசிரியர்கள். முதலாமாண்டில் தோற்பவர்களில் பாதிப் பேர் பாடத்தில் தோற்பதில்லை, இந்தக் கணக்கு தெரியாமல் தோற்கிறார்கள் என்பது எங்கள் எண்ணம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி எழுத்துப் பாடத்துக்கு உள்மதிப்பீடு 40, பருவத் தேர்வு 60. தேர்வை நூற்றுக்கு எழுதி, அதை 60-க்குச் சுருக்குவார்கள். அந்த நூற்றுக்கு 45 எடுத்தாக வேண்டும். சுருக்கிய பிறகு இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும். உள்மதிப்பீட்டில் 23 வைத்திருப்பவருக்குத் தேர்வில் 45 போதும். 15 மட்டும் வைத்திருப்பவர் அதே தாளில் 59 எடுக்க வேண்டும். அந்த உள்மதிப்பீட்டிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் எழுத்துத் தேர்வு 60, ஒப்படைப்பு போன்றவை 40. ‘அசைன்மென்ட்தானே’ என்று விட்டவர்கள் கோட்டைவிட்டது அங்கேதான். ஒழுங்குமுறை மாறும்போது இந்தக் கணக்கைப் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

வகுப்பில் எல்லாம் ஆங்கிலத்தில் ஓடும்போது, பன்னிரண்டாம் வகுப்பில் படித்த நேர்மாறு அணிதான் இன்வர்ஸ் மேட்ரிக்ஸ், வகையிடல்தான் டிஃபரன்சியேஷன் என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். நூலகத்தில் அப்படி ஒரு பட்டியலை ஒட்டிவைத்தவருக்கு நன்றி. நுண்கணிதத்தில் விடை விநோதமாக வந்தால் கால்குலேட்டர் டிகிரியில் நிற்கிறதா என்று முதலில் பார், ரேடியனுக்கு மாற்று என்று கீழே பேனாவால் சேர்த்தவர் யாரோ, அவருக்கும்.

பைத்தான் நிரலாக்க ஆய்வகத்தில் பிழை காட்டும் சிவப்பு எழுத்தைக் கண்டதும் கையைத் தூக்குவது வழக்கம். பிழைச் செய்தியைக் கடைசி வரியிலிருந்து வாசிக்கப் பழக்கினார் ஆய்வக உதவியாளர். இஃப் வரிக்குப் பின் முக்காற்புள்ளி விட்டுப்போவது, டேபையும் ஸ்பேஸையும் கலப்பது, இன்புட்டாக வாங்கும்போது எழுத்தாகவே வரும் எண்ணை இன்ட் போட்டு எண்ணாக மாற்றாமல் கூட்டி 5-க்கும் 3-க்கும் 53 விடை பெறுவது: தொடக்கத்தில் இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வரும்.

இரண்டாம் பருவப் பொறியியல் வரைகலைக்குத் வரைபலகையில் பொருத்திக் கோடு போடும் தங்கள் மினி டிராஃப்டர்களைக் கொடுத்துவிட்டுப் போன இறுதியாண்டு அண்ணன்களே, அக்காக்களே, உங்களுக்கும் நன்றி. பழைய டிராஃப்டரில் இரண்டு அளவுகோலும் செங்கோணத்தில் நிற்கின்றனவா என்று செட் ஸ்கொயர் வைத்துப் பார்த்து, திருகை இறுக்கிக் கொடுத்தீர்கள். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் மேல்பார்வைப் படமும் முன்பார்வைப் படமும் நேருக்கு நேர் நிற்காது. துணைக்கோட்டுக்கு 2ஹெச், உருவக்கோட்டுக்கு ஹெச்பி என்று பென்சிலையும் கூடவே வைத்தீர்கள்.

விடுதிக் காப்பாளர் சாருக்குச் சொல்ல வேண்டியது தனி. வெள்ளிக்கிழமை மதியமே ஊருக்குக் கிளம்பும் பிள்ளைகளை அவர் திட்டவில்லை. வருகைப்பதிவு நாள் கணக்கில்லை, பீரியட் கணக்கு. வெள்ளி பிற்பகல் ஆய்வகத்தை விட்டால் நான்கு பீரியட் ஒரேயடியாகப் போகும் என்று எழுதிக் காட்டினார். 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால், 65 வரை மருத்துவம் போன்ற தக்க காரணமும் அதற்கான சான்றும் இருந்தால்தான் தேர்வெழுத வழியுண்டு. வீட்டு நினைப்பில் சாப்பிடாமல் படுத்துக்கொண்டவர்களைப் பேச வைத்து, தேவைப்பட்டவர்களுக்கு மனநல உதவிக்கான 14416 எண்ணைப் போட்டுக் கொடுத்ததும் அவரே. ராகிங் புகாருக்கான 1800-180-5522 எண்ணை அறைக்கதவின் உட்புறத்தில் ஒட்டச் சொன்னார். நடைவழிப் பலகையில் இருந்தால் பயந்தவன் நின்று குறித்துக்கொள்ள மாட்டான் என்பது அவர் சொன்ன காரணம். மெஸ் மாஸ்டருக்கு ஒரே வரி: இரவுத் தயிர்சாதத்துக்கு நன்றி.

முதல் பருவ முடிவு வந்த வாரத்தில், அரியர் விழுந்தவர்களை உட்காரவைத்து, முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பம், அதைப் பாட ஆசிரியரிடம் காட்டி மதிப்பெண் ஏறும் என்று தெரிந்தால் மட்டும் மறுமதிப்பீடு என்று வரிசை சொன்ன துறைத்தலைவர் அம்மாவுக்கும் நன்றி. நகலுக்கான கெடு சில நாள்தான். அழுது முடிப்பதற்குள் அது போய்விடும்.

இன்னும் மூன்று டிராஃப்டர் எங்கள் மேசையில் இருக்கிறது. கொடுத்தவர்கள் பெயர் எழுதவில்லை. சேர்க்கை தொடங்குமுன் திரும்ப வேண்டுமென்றால் சொல்லுங்கள், இல்லையேல் அடுத்த அணிக்குக் கொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
முதலாமாண்டு உதவி மேசை மாணவர்கள்