பிடியரிசிப் பானை

8.2.2026

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். மலாவியில் லிலாங்வேக்கு வரும் சகோதரியிடம் கருப்பட்டி, சுக்கு, முருங்கைக்கீரைப் பொடி எல்லாம் கொடுத்திருக்கிறேன். பொடியைப் பிள்ளைகளுக்கே கொடுத்துத் தீர்த்துவிடாதே.

உன் குரலைக் கேட்டு இருபத்து மூன்று நாள் ஆகிறது. குறையாகச் சொல்லவில்லை. மழை மாதங்களில் மின்சாரம் அடிக்கடி போய்விடும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். பழைய மக்காச்சோளம் தீர்ந்து, புதியது முற்றாத பசிக் காலமும் இதுதான், ஏப்ரலில் அறுவடை வரும்வரை வேலை அதிகம் என்பதும் தெரியும். ஆனால் கொசுவும் இதே மாதங்களில்தான். வலைக்குள் படுக்கிறாயா? ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகு. அங்கே வருவது மூளைக்கு ஏறும் மலேரியா. சுக்குக் கஷாயத்தில் தள்ளிவிடலாம் என்று இருக்காதே. உடம்பு சுட்ட அன்றே இரத்தம் சோதித்துவிடு.

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய படத்தை அண்ணன் பெரிதாக்கிக் காட்டினான். பிள்ளைகள் பிளாஸ்டிக் குவளைகளோடு கஞ்சிக்கு நிற்கிறார்கள். கரண்டி பிடித்த உன் கையைப் பார்த்தேன். வாட்ச் மணிக்கட்டில் நிற்காமல் பாதி முழங்கைக்குச் சரிந்து கிடக்கிறது. புறப்பட்ட அன்று அதன் வாரை மூன்றாவது துளையில் மாட்டிவிட்டவள் நான். அத்தனை பேருக்கு ஊற்றுகிறவள் தான் குடித்தாளா என்று யார் கேட்பார்கள்?

அசனப் பண்டிகையில் குருவானவர் உன் பெயரைச் சொல்லி ஜெபித்தார். மலாவி எங்கே இருக்கிறது என்று சிறுவர்களுக்கு விளக்கினார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு பந்தியில் உட்கார்ந்தவர் சோற்றில் கை வைக்கவில்லை.

மூன்று ஆண்டு என்றுதான் சொல்லிப் போனாய். ஜூலையில் முடிகிறது. உன் அறைக்கு வெள்ளையடிக்கலாமா என்று அப்பா கேட்கிறார். இப்போதே சொல்லிவைத்தால்தான் ஆள் கிடைக்கும், அதற்காகக் கேட்கிறேன்.

2023 மார்ச்சில் ஃப்ரெடி புயலில் மலாவியின் பிளான்டயர் நகரத்து மலைச்சரிவு சேறாக இறங்கி வீடுகளை மூடிய செய்தியைப் பார்த்துவிட்டு, அன்று இரவு நீ சாப்பிடாமல் எழுந்துபோனாய். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தடுக்க எனக்கு வாயில்லை. தாது வருடப் பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்த நம் பாட்டையாவுக்குக் கஞ்சி ஊற்றி வளர்த்தவர்கள் கப்பலேறி வந்தவர்கள்தானே. அவர்கள் வராதிருந்தால் நானும் இல்லை, நீயும் இல்லை. மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியாவுக்கு வந்து, 1951இல் டோனாவூரில் கண்மூடும்வரை ஊர் திரும்பவில்லை என்று ஞாயிறு பள்ளியில் உனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். எத்தனை பெருமையோடு சொன்னேன்! அந்த அம்மையாரைப் பெற்றவள் கப்பலைப் பார்த்துக்கொண்டு எப்படி நின்றிருப்பாள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. கல்யாணமான நாள் முதல், உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து ஊழியப் பானையில் போட்டுவிட்டுத்தான் அரிசி களைவேன். நீ தவழ்ந்து வந்து அதைக் கொட்டினதற்கு அடித்தும் இருக்கிறேன். நீ விமானம் ஏறிய மறுநாள் என் கை பானைப் பக்கம் போகவில்லை. பிள்ளையையே எடுத்துக்கொண்டாரே, அரிசி வேறா என்று நினைத்தேன். அன்றிலிருந்து ஒரு பிடி போடவில்லை. மாதக் கடைசியில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வரும்போது கடையில் வாங்கிப் பானையை நிரப்பிக் கொடுத்துவிடுவேன். மிஷனரியின் தாய் என்று என்னை முதலில் உட்கார வைக்கிறார்கள், மகளே. உட்காருகிறேன்.

உனக்காக ஜெபிக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன் அல்லவா? அவளை அங்கே பயன்படுத்தும் என்று அப்பா ஜெபிப்பார். நான் ஆமென் சொல்லிவிட்டு, அவளைத் திருப்பிக் கொடும் என்று தனியே கேட்பேன்.

நேற்று அந்தப் பானையைக் கழுவி வெயிலில் காய வைத்தேன். இன்னும் ஒன்றும் போடவில்லை.

வலையில் ஓட்டை இருந்தால் அன்றே தைத்துவிடு. ஊசி நூல் கருப்பட்டிப் பையில் இருக்கிறது. அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே பதினொன்றரை. தூங்கியிருப்பார்கள் என்று நினைத்து விட்டுவிடாதே, விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா