வட்டமாகத் தாக்கும் மூன்று வாதங்கள்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் கிடைத்தது. எந்த வாதம் எதைத் தாக்குகிறது என்ற வரைபடத்தைக் கொடுத்து, எவற்றை ஏற்கலாம் என்று கேட்டால் உன் நிரல் 'விடையே இல்லை' என்று நிற்பதாக எழுதியிருந்தாய். அது நிரலின் குற்றமல்ல. நீ கேட்டது ஸ்டேபிள் விடை. அதாவது, தேர்ந்த வாதங்கள் தமக்குள் தாக்கிக்கொள்ளாமல், வெளியே நிற்கும் ஒவ்வொன்றையும் தாக்க வேண்டும். உன் வரைபடத்தில் க, ச-வைத் தாக்குகிறது, ச, த-வை, த, மறுபடி க-வை. க-வை மட்டும் எடுத்தால் த-வைத் தாக்க ஆளில்லை. எதை எடுத்தாலும் இதே கதிதான். ஒரு மூலையில் இப்படி ஒன்று இருந்தால் போதும், அதனோடு ஒட்டும் உறவும் இல்லாத வாதங்களின் முடிவும் கெட்டுவிடும்.

ஆய்வாளர் ஃபான் மின் டங் 1995 கட்டுரையில் தந்த கிரவுண்டட் முறையிலிருந்து தொடங்கு. தாக்குவார் இல்லாத வாதத்துக்கு 'இன்', அதாவது ஏற்பு. இன் ஆனது தாக்குவதெல்லாம் 'அவுட்', அதாவது தள்ளுபடி. தன்னைத் தாக்குபவை அனைத்தும் அவுட் ஆன வாதம் 'இன்'. மாற்றம் நிற்கும்வரை ஓட்டு; மிச்சமெல்லாம் 'தீராதது'. ப என்றொரு வாதம் வெளியிலிருந்து க-வைத் தாக்கினால் க அவுட், ச இன், த அவுட், வட்டம் உடைந்துவிடும். நிரலில் ஒவ்வொரு வாதத்துக்கும் அதைத் தாக்குபவர் எத்தனை என்று ஒரு எண்ணி வைத்து, தாக்குபவர் ஒருவர் அவுட் ஆகும்போது ஒன்று குறை; பூஜ்யமானால் அது இன். ஆனால் ஒரு வாதம் இருவரால் தாக்கப்பட்டு அவுட் ஆனால், அது தாக்குபவற்றின் எண்ணியை அதற்காக இரண்டு முறை குறைத்துவிடாதே. பொய்யான இன்கள் அங்கேதான் முளைக்கும்.

கிரவுண்டட் கொஞ்சம் கஞ்சம். ஒன்றையொன்று தாக்கும் இரண்டு வாதங்களும் ஒரு மூன்றாவதைத் தாக்க, அது நான்காவதைத் தாக்கினால், யார் வென்றாலும் நான்காவது பிழைக்கும். இருந்தும் கிரவுண்டட் நான்கையும் தீராதது என்றே விடும். பிரிஃபர்டு விடைகள் (தமக்குள் மோதாமல், தம்மைத் தாக்குவோரைத் திருப்பித் தாக்கும், இனிப் பெருக்க முடியாத வாதத் தொகுப்புகள்) எல்லாவற்றிலும் இருப்பதை ஏற்பது என்று வைத்தால் அந்த நான்காவது கிடைக்கும். விலை அதிகம்: ஒரு வாதம் அப்படி எல்லாவற்றிலும் இருக்கிறதா என்ற கேள்வி, விடையைத் தந்தால் விரைவில் சரிபார்க்கக்கூடிய 'என்பி' வகைக் கேள்விகளுக்கும் ஒரு படி மேலே. சாட் தீர்வியை (ஆம்-இல்லை நிபந்தனைகள் எல்லாம் ஒன்றாக நிறைவேறுமா என்று பார்க்கும் நிரலை) திரும்பத் திரும்பக் கூப்பிட்டுத்தான் சமாளிக்கிறார்கள். இத்தகைய வாத நிரல்களுக்காக 2015 முதல் நடக்கும் ஐசிசிஎம்ஏ போட்டியிலும் அந்த வழி சாதாரணம்.

விதிகளிலிருந்து வாதங்களை உருவாக்கப்போவதாக எழுதியிருந்தாய். அங்கே வேறொரு பள்ளம். 'விளக்கு எரிகிறது, எனவே வீட்டில்', 'வண்டி இல்லை, எனவே வெளியூரில்' என்ற இரண்டும் ஊகங்கள். வீட்டில் என்றால் உள்ளூரில், வெளியூரில் என்றால் உள்ளூரில் இல்லை என்பவை உறுதி விதிகள். உள்ளூரைப் பற்றிய முடிவுகள் மட்டும் மோதிக்கொள்ளும். ஊகங்களைத் தாக்க எதுவும் இல்லாததால் ஒருவரே வீட்டிலும் வெளியூரிலும் 'இன்' ஆவார்! ஒவ்வொரு உறுதி விதியின் எதிர்மறைத் திருப்பத்தையும் சேர்த்துவிடு: உள்ளூரில் இல்லையென்றால் வீட்டில் இல்லை, உள்ளூரில் என்றால் வெளியூரில் இல்லை. அப்போது மோதல் ஊகங்கள்வரை இறங்கும்.

விதிக் கோப்பை அனுப்பு, எங்கெல்லாம் திருப்பம் விட்டுப்போயிருக்கிறது என்று குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
சேகர்