மூச்சை எண்ணச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு

ரிசல்ட் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. இனி பெயருக்குப் பின்னால் எம்.டி. என்று போட்டுக்கொள்ளலாம், மயக்கவியலில். வாழ்த்துச் சொன்னவர்களுக்கெல்லாம் கை கூப்பும் பொம்மையைத் தட்டிவிட்டு முடித்துக்கொண்டேன். ஆனால் நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேர் வாட்ஸப்பில் இல்லை. ஒருவர் ரிட்டையராகி ஊருக்குப் போய்விட்டார், இன்னொருவர் நான் மயக்கம் கொடுத்த தாத்தா, அவருக்கு நான் பரீட்சை எழுதியதே தெரியாது. அதனால்தான் இங்கே பொதுவில் எழுதுகிறேன். யார் பெயரும் போடவில்லை, ஆஸ்பத்திரி பெயரும் இல்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் எமர்ஜென்சி தியேட்டர் டெக்னீஷியன் அண்ணாவுக்கு.

அண்ணா, நான் சேர்ந்த முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போட நாக்கைத் தூக்கி வழி பார்க்கிற லாரிங்கோஸ்கோப்பை இடது கையில் பிடித்துக்கொண்டு, குரல்நாண் தெரியவில்லையே என்று மணிக்கட்டை மடக்கி நெம்பிக்கொண்டிருந்தேன். “தேங்கா உரிக்கிற மாதிரி நெம்பாதீங்க மேடம், முன்பல்லு கையோட வந்துரும். எதிர்ச் சுவரும் கூரையும் சேர்ற மூலையைப் பார்த்துத் தூக்குங்க” என்றீர்கள். புத்தகத்தில் இதற்குப் படமெல்லாம் போட்டு விளக்கியிருக்கிறார்கள், எனக்குப் புரிந்தது உங்கள் தேங்காயில்தான். அப்புறம் தலைக்கு அடியில் துணி மடித்து வைக்கிற கணக்கு. கொஞ்சம் பருமனான ஆள் என்றால் தோளுக்கு அடியிலிருந்தே அடுக்கிக்கொண்டு வந்து, காதுத் துளையும், கழுத்துக்குக் கீழே நெஞ்செலும்பு தொடங்குகிற குழியும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று, கொத்தனார் ரசமட்டம் பார்ப்பது மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பீர்கள். நான் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன், மன்னித்துவிடுங்கள். அந்த மட்டம் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது என்று தெரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது.

அந்த சிசேரியன் இரவுக்குத் தனியாக நன்றி. பிரஷர் ஏறி, பிளேட்லெட் குறைந்து, முதுகில் ஊசி போட முடியாத நிலையில் வந்த பெண். முழு மயக்கம்தான் வழி. கர்ப்பிணிக்கு நுரையீரலில் ஆக்ஸிஜன் கையிருப்பு குறைவு, செலவோ அதிகம், மூச்சு நின்றால் மற்றவர்களைவிட வேகமாக சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, இறங்கும். இந்த பிரஷர் நோயில் தொண்டைக்குள்ளும் வீக்கம் இருக்கும். உள்ளே பார்த்தால் எல்லாம் ஒரே செக்கச்செவேல் சதை, குரல்நாண் எங்கே என்பது ஊகம்தான். நான் வாய் திறந்து கேட்பதற்கு முன்னால் என் வலது கையில் பூஜி இருந்தது. (நம் தொழிலில் இல்லாதவர்களுக்கு: பூஜி என்பது சுமார் 60 செ.மீ. நீளத்தில், நுனி லேசாக வளைந்த ஒரு குச்சி, அவ்வளவுதான். மூச்சுக்குழாய்க்குள் போனால் அதன் வளையங்களில் தட்டித் தட்டிப் போவது விரலுக்குத் தெரியும், உணவுக்குழாய்க்குள் போனால் வழவழவென்று போய்விடும். அப்புறம் அதன்மேல் ட்யூபைக் கோத்து இறக்குவோம்.) தட்டியது. ட்யூப் இறங்கியது. அப்போதும் நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்ஸைடை அலையாகக் காட்டும் கேப்னோகிராஃப் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அலை வந்துருச்சு மேடம், கத்தி வைக்கச் சொல்லுங்க” என்றீர்கள். ஸ்டெதாஸ்கோப் ஏமாற்றும், ட்யூபில் படிகிற ஆவி ஏமாற்றும், மூச்சுக்கு மூச்சு கார்பன் டை ஆக்ஸைடு வயிற்றிலிருந்து வந்துகொண்டே இருக்காது. அலை இல்லையென்றால் ட்யூப் தப்பான இடத்தில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும், யார் என்ன சத்தியம் செய்தாலும். அந்தக் குழந்தைக்கு இப்போது இரண்டு வயது தாண்டியிருக்கும்.

சீஃப், உங்களுக்கு எழுதக் கொஞ்சம் பயமாக இருக்கிறது, இந்த மடலிலும் சிவப்பு மையால் சுழிப்பீர்கள். வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி, உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து வகை பிரிக்கிறோமே மல்லம்பட்டி, அது ரொம்ப நாளாக உசிலம்பட்டி மாதிரி ஏதோ ஊர்ப்பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு நாலு நாள் முன்னால் உங்களிடமே கேட்டும் தொலைத்தேன். அது ஆந்திராவிலிருந்து பாஸ்டன் போன மயக்க மருத்துவர் ஒருவரின் பெயர், 1985-ல் எழுதிய கட்டுரை, அவர் போட்டது மூன்று வகைதான், நான்காவதை 1987-ல் வேறு இரண்டு பேர் சேர்த்தார்கள் என்று பொறுமையாகச் சொன்னீர்கள், சொல்லிவிட்டு ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தீர்கள். பரவாயில்லை. “அதை மட்டும் நம்பி ஏமாறாதே, விரலை வச்சுப் பாரு” என்றதுதான் கடைசிவரை உதவியது. மூன்று விரல் நுழைகிறதா, கழுத்து பின்னால் சாய்கிறதா, தாடையை முன்னால் தள்ள முடிகிறதா.

தாத்தாவின் வாயில் ஒரு விரல்தான் நுழைந்தது.

தாத்தா, நீங்கள் இதைப் படிக்கப் போவதில்லை, உங்கள் மகன் வாசித்துக் காட்டட்டும். நாற்பது வருஷம் புகையிலையும் பாக்கும் அடக்கிவைத்த கன்னம், நார் நாராக இறுகிப்போய், அதில் புற்று வேறு. இப்படி ஒருவரைத் தூங்கவைத்துவிட்டு அதற்கப்புறம் ட்யூப் போக வழி தேடுவது, படகில் ஓட்டை இருக்கிறதா என்று நடு ஆற்றில் வைத்துப் பார்ப்பது மாதிரி. அதனால் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகப் போடப்போகிறோம் என்று சொன்னேன். “ஊர்ல எல்லாரையும் தூங்கவச்சு அறுப்பீங்க, என்னைய மட்டும் முழிக்கவச்சா?” என்று கேட்டீர்கள், நியாயமான கேள்வி. 1967-ல் லண்டனில் பீட்டர் மர்ஃபி என்ற மருத்துவர், பித்தக்குழாய் பார்க்கச் செய்த கருவியை ஒரு நோயாளியின் மூக்கில் விட்டுத்தான் இந்த வித்தையைத் தொடங்கிவைத்தார் என்று உங்களிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பீர்கள். லிக்னோகெய்ன் புகையை இழுத்து இழுத்துத் தொண்டை மரத்தது. உள்ளே பார்க்க உதவும், பென்சிலைவிட மெல்லிய அந்தக் கறுப்புக் குழாயை நான் இறக்கும்போது என் கை நடுங்கியதை நீங்கள் பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் “இழுங்க” என்றபோதெல்லாம் மூச்சை இழுத்தீர்கள், இழுக்கும்போதெல்லாம் குரல்நாண் இரட்டைக் கதவு மாதிரி திறந்தது, நாலாவது மூச்சில் உள்ளே போய்விட்டேன். சீஃப் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பிடுங்கிச் செய்திருந்தால் அரை நிமிஷம். அந்தக் கைகள் பின்னாலேயே இருந்ததற்கும், ட்யூப் போகாவிட்டால் கழுத்தில் துளையிட்டு வழி செய்யக் குறி போட்டு, கையுறை மாட்டி, தேவைப்படாமலே ஒரு மணி நேரம் காத்திருந்த இ.என்.டி. சாருக்கும் நன்றி.

இனி ரெக்கவரி சிஸ்டர். இந்தப் பகுதியை மூன்று தடவை எழுதி அழித்துவிட்டேன்.

இரண்டாம் வருஷம், இரவு டியூட்டி. ஐம்பது வயதுக்காரர், பெரிய வயிற்று ஆபரேஷன். தியேட்டருக்குள் ஃபெண்டனில் கொடுத்திருந்தேன், அதுவும் மார்ஃபின் இனத்து வலிமருந்துதான், முடியும் நேரத்தில் மார்ஃபின். வெளியே வந்ததும் அவர் வலியில் கத்த, நான் இன்னும் கொஞ்சம் மார்ஃபின் போட்டேன். ஐந்து நிமிஷம் கழித்தும் கத்தினார், இன்னும் கொஞ்சம். ரத்தக் குழாயில் நேரே போட்டாலும் மார்ஃபின் முழு வேலையைக் காட்ட இருபது நிமிஷம்போல ஆகும் என்று பரீட்சையில் எழுதத் தெரிந்த எனக்கு, ஒருவர் எதிரில் கத்தும்போது அது ஞாபகம் வரவில்லை. அப்புறம் அமைதியானார். எனக்குப் பெருமை, வலியைப் போக்கிவிட்டேன் என்று. மாஸ்க்கில் ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருக்கிறது, சாச்சுரேஷன் 98. நோட்ஸ் எழுதப் போய்விட்டேன்.

சிஸ்டர், நீங்கள் அந்த 98-ஐப் பார்க்கவில்லை. அவர் வயிற்றில் கட்டுக்கு மேலே கையை வைத்து, சுவர்க் கடிகாரத்தில் ஒரு முழு நிமிஷம் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தாமல், “டாக்டர், இங்க வாங்க. ஆறுதான் வருது” என்றீர்கள். ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருக்கும்போது மூச்சு குறைந்தாலும் சாச்சுரேஷன் ரொம்ப நேரம் நல்லபிள்ளையாகவே இருக்கும். கார்பன் டை ஆக்ஸைடு மட்டும் சத்தமில்லாமல் ஏறும், அதுவும் தூக்கத்தைக் கூட்டும், தூக்கம் கூடினால் மூச்சு இன்னும் குறையும். நான் ஓடி வருவதற்குள் தாடையைத் தூக்கிப் பிடித்து, தோளை உலுக்கி, “அய்யா, மூச்சை இழுங்க” என்று கத்திக்கொண்டிருந்தீர்கள். அவர் சொன்னால் இழுத்தார், விட்டால் மறந்துவிட்டார். கண்பாவை குண்டூசித் தலை மாதிரி. மார்ஃபினை முறிக்கும் நலாக்ஸோன் ஆம்பியூலை உடைத்து, 400 மைக்ரோகிராமையும் 10 மில்லியாகக் கரைத்து, ஒவ்வொரு மில்லியாகப் போட்டேன், மொத்தமாகத் தள்ளினால் வலி முழுதாகத் திரும்பி வந்து பிரஷர் எகிறும். மூன்றாவது மில்லியில் பன்னிரண்டு வந்தது. வலியும் பெரிதாகத் திரும்பவில்லை. நான் அப்பாடா என்று உட்கார்ந்தபோது நீங்கள் உட்காரவில்லை. நலாக்ஸோன் சீக்கிரம் தீர்ந்துவிடும், மார்ஃபின் உள்ளேயே இருக்கும், மறுபடி அமுக்கும், இது உங்களுக்குப் பாடமாகத் தெரியுமோ அனுபவமாகத் தெரியுமோ, விடியும்வரை கால் மணிக்கு ஒருதரம் எண்ணி எழுதிவைத்தீர்கள். அந்தத் தாளை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். காலையில் சீஃபிடம் நானே போய்ச் சொன்னேன். நீங்கள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் நான் மோசமான டாக்டராக ஆனேன், ஒரு இரண்டு மாதம். பயம். மார்ஃபின் என்று கேஸ் ஷீட்டில் எழுதவே கை வராது. இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டி ராத்திரி முழுக்க முனகிக்கொண்டிருந்தார், நான் பாராசிட்டமாலைப் போட்டுவிட்டு வயசானவங்க, பாவம், ரிஸ்க் எடுக்க வேண்டாம் என்று வார்டைக் கடந்து போய்க்கொண்டே இருந்தேன். சீனியர் அக்கா, அன்றைக்கு நீங்கள் என்னைப் பிடித்து விட்ட டோஸ் இருக்கிறதே. “அந்த ஆளு மூச்சு குறைஞ்சதுக்கு இந்தப் பாட்டி என்ன செஞ்சுச்சு?” என்றீர்கள். அப்புறம் தொடையில் நரம்புக்குப் பக்கத்தில் மருந்து போட்டு வலியை அடக்குவது எப்படி என்று அல்ட்ராசவுண்ட் வைத்துக் காட்டினீர்கள், மீதி வலிக்கு மார்ஃபினை ஒரு மில்லிகிராம் போட்டு, பக்கத்தில் ஸ்டூலில் உட்காரவைத்து, எண்ணு என்றீர்கள். எண்ணினேன். பதினாறு, பதினைந்து, பதினான்கு. பாட்டி தூங்கிப்போனார், கூப்பிட்டால் கண்ணைத் திறந்து “என்ன கண்ணு” என்றார். கூப்பிட்டதும் கண் திறக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், மூச்சு குறைவதற்கு முன்னாலேயே தூக்கம் கனத்துவிடும் என்பதும் அந்த ஸ்டூலில் கற்றதுதான்.

மருந்து ஸ்டோர் சார், உங்களிடம் நான் நிறையச் சிடுசிடுத்திருக்கிறேன். காலி மார்ஃபின் ஆம்பியூல் திரும்பி வராமல் அடுத்தது கிடையாது, மீதியைக் கொட்டும்போது சாட்சிக் கையெழுத்து, இரட்டைப் பூட்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு இதெல்லாம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் பத்து மில்லிகிராம் ஆம்பியூலும் பதினைந்து மில்லிகிராம் ஆம்பியூலும் ஒன்றுபோலவே இருக்கும் என்று இரண்டையும் வேறு வேறு தட்டில் வைத்தது நீங்கள்தான். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் லைசென்ஸோடு அபின் பயிரிடுகிற நாடு இது, அப்படியிருந்தும் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வாங்குவதையே விட்டுவிட்ட கதை, 2014-ல் சட்டத்தைத் திருத்தினபிறகும் பல இடங்களில் அந்தப் பயம் போகாத கதை, எல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரியும். நீங்கள் இருந்தவரை ஒரு நாள்கூட இருப்பு தீர்ந்ததில்லை. அதற்காக எத்தனை படிவம் எழுதினீர்கள் என்று யாரும் கேட்டதில்லை, நானும்தான்.

எட்டு மாதம் கழித்துத் தாத்தா திரும்பி வந்தார், புற்று கழுத்தில் பரவி. இந்தத் தடவை மார்ஃபின் மாத்திரைக்கு. நாலு மணிக்கு ஒருதரம், கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து, அதை மட்டும் மறக்கக் கூடாது என்று எழுதிக்கொடுத்தேன். “போதை மருந்துன்னு சொல்றாங்களே மேடம், அப்பா அடிமையாயிட்டா?” என்று மகன் தனியாகக் கேட்டார். வாய் மூலமாக, கொஞ்சமாகத் தொடங்கி, வலிக்கு ஏற்றபடி ஏற்றிக்கொண்டு போனால் அந்தப் பயம் வேண்டியதில்லை என்று அரை மணி நேரம் பேசினேன். அடுத்த வாரம் தாத்தா வந்து ஒரு தாளில் எழுதிக் காட்டினார், பேச்சு வராது இப்போது: ‘ராத்திரி தூங்கினேன்.’

அடுத்த மாதம் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் சேர்கிறேன். அங்கே பூஜி இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்டேன் அண்ணா. இருக்கிறதாம். அலமாரியில் பத்திரமாகப் பூட்டி, சாவி ஸ்டோரில் இருக்கிறதாம். போனதும் முதல் வேலையாக அதை எடுத்து, நீங்கள் செய்வது மாதிரி மெஷின் பக்கவாட்டில் பிளாஸ்திரி போட்டு ஒட்டப்போகிறேன். அப்புறம், கேன்டீனில் என் டீ பாக்கி 340 ரூபாயை நீங்கள் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். ஜிபே நம்பர் அனுப்புங்கள், இல்லையென்றால் நேரில் வந்து சண்டை போடுவேன்.