இடம் விட்டவர்களுக்கு: ஆறு பப்களில் ஒரு மம்மிங் நாளுக்கான நன்றி மடல்

இங்கிலாந்தில் வடக்கு ஹாம்ப்ஷயரின் ஆறு பப்களில் கதவைத் திறந்துவிட்டவர்களுக்கும், மேசை நகர்த்தியவர்களுக்கும், உடை தைத்தவர்களுக்கும், வண்டி ஓட்டியவர்களுக்கும், உண்டியலில் காசு போட்டவர்களுக்கும் வணக்கம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை நண்பகலில் தொடங்கி இரவு ஒன்பதுக்குள் ஆறு ஆட்டமும் முடிந்தன. மம்மிங் என்பது முகம் மறைத்த உடையில் குழுவாக வந்து குளிர்காலத்தில் ஆடும் இங்கிலாந்து நாட்டுப்புற நாடகம். அதன் தொடக்க வசனமே இடம் கேட்கும் வசனம்தான். கூட்டம் நெருக்கியடிக்கும் அறைக்குள் கிறிஸ்துமஸ் தாத்தா நுழைந்து, ஆட வந்திருக்கிறோம், விலகி வழிவிடுங்கள் என்று கட்டியம் கூறுவார். மற்ற எல்லாம் அந்தக் கோரிக்கை நிறைவேறினால்தான். அதை நிறைவேற்றித் தந்த உங்களுக்கு இந்த மடல்.

முதல்முறை பார்த்தவர்கள் பலர் கதையைக் கேட்டார்கள். கிங் ஜார்ஜும் துருக்கி வீரனும் சவால் விட்டு வாள் வீசுவார்கள். ஒருவன் விழுந்து சாவான். டாக்டர் வந்து, கூலி பேசி, குப்பி மருந்தில் அவனை எழுப்புவார். அதன்பின் கதைக்குத் தொடர்பே இல்லாமல் தடியும் வாணலியுமாகப் பேய்த்தலைவன் பெயெல்செபூல் வருவான். முதுகில் பொம்மைக் குடும்பத்தைச் சுமந்து ஜானி ஜாக் வருவான். துடைப்பத்தோடு வரும் குட்டிப் பிசாசு லிட்டில் டெவில் டவுட் காசு கேட்பான். ஆதிகாலப் பலிச் சடங்கின் மிச்சம் இது என்று பப்களில் அடிக்கடி ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. அதற்குச் சான்று கிடையாது. கைக்குக் கிடைத்திருக்கும் முழு வசனங்கள் 18ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் போவதில்லை. வேலை குறைந்த குளிர்காலத்தில் பண்ணைக் கூலியாட்கள் வீடு வீடாக ஆடி நாலு காசு சேர்த்த வழக்கம் இது. அவ்வளவு சொன்னாலே அதன் பெருமை குறையாது.

முதல் நன்றி பப் நடத்துபவர்களுக்கு. ஆட்டத்துக்குத் தேவை பத்தடி விட்டமுள்ள வெற்றுத் தரை. மதிய விருந்துக்கு முன்பதிவு நிறைந்த டிசம்பர் சனிக்கிழமையில் அதைக் காலி செய்து தருவது என்றால் இரண்டு மேசை வருமானத்தை இருபது நிமிடம் விட்டுக்கொடுப்பது. அக்டோபரில் பேசி வைத்ததை, ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு தொலைபேசியில் மறுபடி உறுதி செய்தீர்கள். இது மிக முக்கியம். பப் கைமாறுவது சகஜம். பழையவர் கொடுத்த வாக்கு புதியவருக்குத் தெரியாமல் போய், குழு வாசலில் நிற்கும்போதுதான் விஷயமே வெளிப்படும்.

பாட்டை நிறுத்தினீர்கள், தொலைக்காட்சியின் ஒலியை அடைத்தீர்கள், சூதாட்டப் பெட்டியையும் அணைத்தீர்கள். சமையலறையில் தட்டுகளைப் பதினைந்து நிமிடம் பிடித்து வைத்தவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். டாக்டர் கூலி பேசும் இடத்தில் ஒருவர் சூடான தட்டோடு குறுக்கே நடந்தால் போதும், சிரிப்பு சிதறிவிடும், அடுத்த வசனம் யாருடையது என்பதே குழம்பும்.

வாசலில் நின்றவர்களையும் மறக்க முடியாது. ஒவ்வொரு பாத்திரமும் வெளியே காத்திருந்து, தன் முறை வந்ததும் கதவு வழியாக நுழைந்து, தான் இன்னார் என்று தானே அறிவிக்கும். 2007 ஜூலை முதல் இங்கிலாந்தில் பப்புக்குள் புகைக்கத் தடை என்பதால் புகைப்பவர்கள் எல்லாம் அந்த வாசலில்தான் நிற்பார்கள். நுழைய வேண்டியவர் மூன்று நொடி தாமதித்தால் உள்ளே அமைதி கலையும், பேச்சு தொடங்கிவிடும், அதை மறுபடி அடக்குவது எளிதல்ல. மூன்றாவது பப்பில் கதவைப் பிடித்து நின்று, உள்ளே பேசும் வசனத்தைக் கேட்டு, சரியான நேரத்தில் தோளைத் தட்டி அனுப்பிய அம்மாவுக்கு வணக்கம்.

உடை தைத்துக் கொடுத்தவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. க்ளஸ்டர்ஷயரின் மார்ஷ்ஃபீல்டில் டிசம்பர் 26 அன்று ஆடும் பேப்பர் பாய்ஸ் அணிவதுபோல் இதுவும் தாள் உடைதான். ஓர் அங்கிக்கு ஏறத்தாழ 900 கீற்றுகள். ஒவ்வொன்றும் ஓர் அங்குல அகலம், ஓர் அடி நீளம். பழைய பருத்திச் சட்டையில் கீழ் வரிசையை முதலில் தைத்து, மேலே மேலே ஏறி வர வேண்டும். அப்போதுதான் மேல் வரிசை கீழ் வரிசையின் தையலை மறைக்கும். தையல் எந்திரத்தில் தையல் நீளத்தை நான்கு மில்லிமீட்டர் வைக்க வேண்டும். குட்டித் தையல் போட்டால் தபால்தலை ஓரம்போல் துளை விழுந்து, முதல் சண்டையிலேயே வரிசையாகக் கிழியும். செய்தித்தாளைவிட, சுவரில் வண்ணத்தாளுக்கு அடியில் ஒட்டும் தடித்த வெள்ளைத்தாள் நன்றாக உழைக்கிறது. தொப்பியிலிருந்து முகத்தில் தொங்கும் கீற்றுகளை மட்டும் மேலுதட்டுக்குச் சற்று மேலே வெட்டிவிட்டிருந்தீர்கள். ஆளை அடையாளம் தெரியாமல் மறைப்பதுதான் அவற்றின் பழைய வேலை. ஆனால் வாய்க்குக் கீழே தொங்கினால் பேச்சு உள்ளேயே அமுங்கும், ஈரமான தாள் உதட்டில் ஒட்டும்.

தாளுக்கு எதிரிகள் இரண்டு: மழையும் நெருப்பும். கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசல்வரை குடை பிடித்து வந்தவர்கள் முதலாவதிடமிருந்து காத்தார்கள். இரண்டாவதுக்கு, கணப்படுப்பு எரியும் நான்கு பப்களிலும் கம்பித் தடுப்பு வைத்து, மேசை மெழுகுவத்திகளை ஊதி அணைத்து, அடுப்புக்கு முன்னால் ஆறடி காலியாக விட்டீர்கள். சுழன்று திரும்பும்போது கீற்றுகள் உடம்பிலிருந்து ஓர் அடி விலகிப் பறக்கும். அந்தக் கணக்கு பார்ப்பவர்களுக்குத் தெரியாது. கேட்காமலே வாளியில் தண்ணீர் வைத்தவருக்கு நன்றி.

வாள்கள் ஆஷ் மரத்தில் செய்தவை, முனை மழுங்கியவை, இரண்டரை அடி நீளம். மேலே, கீழே, மீண்டும் மேலே என்று மூன்று தட்டு. பிறகு இருவரும் இடம் மாறுவார்கள். தாழ்ந்த உத்தரங்கள் உள்ள பழைய கட்டடத்தில் மேல் தட்டைத் தோள் உயரத்துக்கு இறக்க வேண்டும், அதை ஒத்திகையிலேயே பழக வேண்டும். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் விளக்குதான் உடையும். ஐந்தாவது பப்பில் எல்லா உத்தரங்களின் உயரத்தையும் முன்னதாகவே அளந்து அனுப்பியிருந்தார்கள்; மிகத் தாழ்ந்தது ஆறடி இரண்டங்குலம். பிணம் விழும்போது பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. முன்னால் இருந்தவர்கள் தரையில் உட்கார்ந்ததால்தான் டாக்டரின் குப்பி எல்லோர் கண்ணிலும் பட்டது. (குப்பி பிளாஸ்டிக்தான். கண்ணாடி உடைந்தால் கிடப்பவன் முதுகுக்குக் கீழே போகும்.)

வண்டி ஓட்டிய இருவரும் நாள் முழுவதும் எலுமிச்சைச் சாறிலேயே காலம் தள்ளினார்கள். ஆறு பப்களிலும் அன்போடு முழு பைண்ட் பியர் நீட்டியவர்கள், அரை பைண்ட் போதும் என்றதும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு அரைகள் சேர்ந்தாலே மூன்று பைண்ட், அதாவது 1.7 லிட்டர். அதற்கு மேல் போனால் வசனம் மறப்பதைவிட மோசமான ஒன்று நடக்கும்: வேகம் கூடும். வரிக்கு நான்கு தாளம் என்று போகிற எதுகை வரிகளை நிதானமாக, உரக்க, நடிப்புச் சேர்க்காமல் சொன்னால்தான் கடைசி மூலைவரை கேட்கும். நாலு மணிக்குச் சூப்பும் ரொட்டியும் போட்டு, ஒன்றரை மணி நேரம் பின்னறையைத் தந்த நான்காவது பப்தான் கடைசி இரண்டு ஆட்டங்களையும் காப்பாற்றியது.

இனி பணம். காலை எட்டு முதல் இரவு பதினொன்றுவரை, 500 பேருக்கு மிகாத கூட்டத்துக்கு நாடகம் ஆட 2013இலிருந்து தனி உரிமம் வேண்டியதில்லை. ஆனால் பப் பப்பாக அறக்கொடை திரட்ட உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, உண்டியல்களுக்கு முத்திரை ஒட்டி, இரண்டு பேராக உட்கார்ந்து எண்ணியவர்களுக்கு நன்றி. சில்லறை வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டதால் அட்டை தேய்க்கும் கருவி ஒன்றும் சுற்றியது. தடித்த கல்சுவருக்குள் அலைவரிசை கிடைக்காமல் அது இரண்டு இடங்களில் படுத்துவிட்டது. அங்கே தங்கள் வைஃபை கடவுச்சொல்லைக் கொடுத்து உதவினீர்கள். உணவு வங்கிக்குப் போய்ச் சேர்ந்த தொகை ஆறு பப்களின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்பட்டிருக்கிறது.

அடுத்த ஆண்டுக்கான தேதியைப் பேச அக்டோபர் முதல் வாரத்தில் நேரில் வருவோம். அதற்குள் பப் கைமாறினால் புதியவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இரண்டாவது பப்பின் குடைத்தாங்கியில் இருக்கும் துடைப்பம் டெவில் டவுட்டுடையது; பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். ஜனவரி 6க்கு முன் வந்து எடுத்துக்கொள்கிறோம்.

அன்போடும் நன்றியோடும்,
ஆட்டக் குழுவினர்