வாசல் வாங்கில் என்னோடு இருந்தவருக்கு

அன்புக்குரிய உறவுகளே,

கார்த்திகை மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. நேற்றிரவு திருநங்கையான என் மகள் என் பக்கத்திலிருந்து சாப்பிட்டாள் என்பதே எனக்கு இப்போது போதும்.

திருகோணமலை நகரில் சனிக்கிழமைகளில் கூடும் குழு உளவளத்துணையில் திருநங்கையரும் திருநம்பியரும் ஓர் அறையிலும், அவர்களைப் பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும் மற்றோர் அறையிலும் இருந்து பேசி, கடைசி அரைமணி நேரம் ஒரே வட்டமாகச் சேருவார்கள். மகளைக் கொண்டுபோய் விட்ட நான் முதல் இரண்டு வாரமும் உள்ளே போகவில்லை. பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் அங்கே பேச்சைத் தொடங்க வேண்டும் என்றார்கள். அவள் தனக்கென்று வைத்துக்கொண்ட பெயரோ என் வாயில் வரவில்லை.

மூதூரிலிருந்து கிண்ணியாப் பாலம் கடந்து பஸ்ஸில் வருகிற ஒரு மீனவ அண்ணன் என்னை வாசலில் கண்டார். அவரும் ஒரு திருநம்பியின் தகப்பன். "நீங்க உள்ள போற வரைக்கும் நானும் இதிலதான் இருப்பன் தம்பி" என்று சொல்லி, அவ்வளவு தூரம் வந்த தன் நேரத்தை விட்டுவிட்டு, இரண்டு வாரமும் அந்த வாங்கில் என்னோடு இருந்தார். முதல் வாரம் எதுவுமே கேட்கவில்லை. இரண்டாம் வாரம் தன் படகைப் பற்றிச் சொன்னார். மூத்த பிள்ளையின் பெயரை எழுதிய படகு அது. பிள்ளை தன்னை ஆண் என்று சொன்ன பிறகும் ஒரு வருடம் அந்தப் பழைய பெயரோடுதான் தொழிலுக்குப் போனாராம். பிறகு ஒருநாள் படகைக் கரையேற்றி, பெயரைச் சுரண்டி, மகனின் பெயரைத் தன் கையாலேயே எழுதினாராம். "நாலு நாள் கரையில எல்லாரும் கேட்டாங்க. இப்ப அந்தப் பேரைச் சொல்லித்தான் மீன் விலை கேக்கிறாங்க" என்றார்.

மூன்றாம் வாரம் நான் உள்ளே போய் மகளின் பெயரைச் சொன்னேன். குரல் உடைந்தது, அவர் என் முழங்காலில் கையை வைத்தபடி இருந்தார்.

குழுவில் பேசியது குழுவோடு என்பது அங்கே முதல் விதி. வெளியே வாங்கில் பேசியதையும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அந்தக் கார்த்திகையில் மருத்துவமனையில் இரவிரவாக விழித்திருந்த தாதியருக்கும், காசு வாங்க மறுத்த ஆட்டோத் தம்பிக்கும், சோறு கொடுத்தனுப்பிய அயலவருக்கும் என் நன்றி. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் திருநங்கையாக இருப்பது உளநோய்களின் பட்டியலிலேயே இல்லை என்று உளவளத்துணையாளர் பொறுமையாக விளங்கப்படுத்தியபோது, நோய் தீர்க்கிறேன் என்று நான் அவளை இழுத்துக்கொண்டு அலைந்த இடங்களெல்லாம் நினைவில் வந்து தலைகுனிந்தேன். மகளே, அதற்காக உன்னிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

உளநல மருத்துவரின் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழைக் கொண்டு பிறப்புச் சான்றிதழைத் திருத்தும் வழி 2016 முதல் நம் நாட்டில் உண்டு. அவள் அதற்கு விண்ணப்பிக்கும் நாளில் நான் கூடப் போவேன்.

அண்ணன், வாடை ஓய்ந்து கடல் அடங்கியதும் மகளைக் கூட்டிக்கொண்டு மூதூருக்கு வருகிறேன். அவளுக்கு உங்கள் படகைப் பார்க்க வேண்டுமாம்.